ட்ரோலிங் மோட்டாரைப் படகில் எங்கே பொருத்துவது: இழுப்பதும் தள்ளுவதும் பற்றிய ஓர் எளிய விளக்கம்

மீன்பிடிப் படகுக்கு ட்ரோலிங் மோட்டார் வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, அதை முன்னால் பொருத்துவதா பின்னால் பொருத்துவதா என்பதுதான். கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: முன்னால் வைத்தால் மோட்டார் படகை இழுக்கும், பின்னால் வைத்தால் தள்ளும், தள்ளுவதைவிட இழுப்பது எளிது, ஆகவே முன்னால் வைப்பதே நல்லது. இந்தப் பதிலின் முடிவு பல படகுகளுக்குப் பொருந்தும். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. காரணம் தவறாக இருக்கும்போது, எந்தப் படகுக்கு அந்த முடிவு பொருந்தாது என்று கண்டறியவும் வழியில்லாமல் போகிறது. சிறிய ரப்பர்ப் படகு வைத்திருப்பவர் தேவையில்லாமல் கவலைப்படுவதும், ஆறு மீட்டர் படகு வைத்திருப்பவர் குதிரைத்திறனைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புவதும் இதனால்தான்.

இடத்தைத் தீர்மானிப்பது மோட்டாரின் வலிமையன்று. படகு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது, அந்தப் புள்ளியிலிருந்து மோட்டார் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, காற்று படகின் எந்த முனையைப் பிடித்துத் திருப்புகிறது என்ற மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்த மோட்டார் எதற்காக?

ட்ரோலிங் என்பது ஓடும் படகின் பின்னால் தூண்டிலை மெதுவாக இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறை. வலையைக் கடலடியில் இழுக்கும் இழுவலைத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் இதையொத்த ஒலியுள்ள பெயர் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை. ட்ரோலிங் மோட்டார் என்பது பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு மின்மோட்டார். நீண்ட தண்டின் கீழ்முனையில், நீருக்குள் மூழ்கிய நிலையில் மோட்டாரும் விசிறியும் இருக்கும். தண்டின் மேல்முனையில் அல்லது கால்மிதியில் அதைத் திருப்பும் கட்டுப்பாடு இருக்கும். 1934ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்திலுள்ள ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் விசிறியைப் பொருத்தி இதை உருவாக்கினார். மின் கோட்டா என்ற நிறுவனம் அந்த முயற்சியிலிருந்து பிறந்தது. மின்னசோட்டா, டக்கோட்டா என்ற இரு மாநிலங்களின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது.

இன்று இந்த மோட்டார் தூண்டிலை இழுப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. கரையோரமாகச் சத்தமின்றி நகர, ஒரு பாறையருகே படகை அசையாமல் நிறுத்த, காற்றில் படகு அடித்துச் செல்லப்படாமல் தடுக்க எனப் பல வேலைகளுக்கும் இதையே நம்புகிறார்கள். இந்த வேலைகள் எல்லாமே மிகக் குறைந்த வேகத்தில் நடப்பவை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். படகின் வெளிப்புறத்தில் மாட்டும் முதன்மை எஞ்சினான அவுட்போர்டு எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது, அது நன்றாகத்தானே படகை ஓட்டுகிறது, பிறகு ட்ரோலிங் மோட்டாரை மட்டும் ஏன் முன்னால் வைக்கச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வேகமாகச் செல்லும் படகின்மீது பாயும் நீரே அதன் பாதையை ஓரளவு நேராக்கிக் கொடுத்துவிடும். மனிதர் நடக்கும் வேகத்திலோ அதைவிடக் குறைவாகவோ செல்லும் படகுக்கு அந்த உதவி மிகவும் குறைவு. லேசான காற்றுகூட அதன் திசையை மாற்றிவிடும்.

மோட்டாரின் வலிமையை உந்துவிசை என்ற அளவால் குறிப்பார்கள். நீரைப் பின்னுக்குத் தள்ளுவதன் மூலம் மோட்டார் படகின்மீது செலுத்தும் விசை அது. அதைப் பவுண்டு என்ற அலகில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 0.45 கிலோ எடைக்குச் சமமான விசை. ஆட்கள், எரிபொருள், பேட்டரி எல்லாம் ஏற்றிய படகின் மொத்த எடையில் குறைந்தது 2 சதவீதம் உந்துவிசை வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் தோராயக் கணக்கு. மொத்தம் 1,000 கிலோ வரும் படகுக்கு 20 கிலோ, அதாவது சுமார் 44 பவுண்டு. காற்றடிக்கும் இடமென்றால் அதற்கு மேலுள்ள அளவை வாங்குவது நல்லது. ஆனால் உந்துவிசை எவ்வளவு என்பதும் அதை எங்கே செலுத்துகிறோம் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கதவும் கீலும்

ஒரு கதவைக் கைப்பிடியருகே தொட்டால் ஒரு விரலாலேயே திறந்துவிடலாம். அதே கதவைக் கீலுக்கு ஒரு சாண் தள்ளி அழுத்தினால் முழுக்கையின் பலமும் வேண்டியிருக்கும். கீலின்மேலேயே அழுத்தினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கதவு அசையாது. விசையின் அளவோடு, திரும்பும் புள்ளியிலிருந்து அந்த விசை செயல்படும் தொலைவைப் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். விசை மாறாவிட்டாலும் தொலைவு கூடினால் திருப்புத்திறன் கூடும்.

படகுக்குக் கீல் எங்கே இருக்கிறது? நீரில் மிதக்கும் படகை எதனோடும் பிணைக்கவில்லை. ஆகவே அதற்கு நிலையான கீல் கிடையாது. ஆனாலும் அது திரும்பும்போது ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்புகிறது. இதை வழவழப்பான மேசைமேல் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம். அளவுகோலின் ஒரு முனையை விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால், அது தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பாது. தள்ளிய முனைக்கு எதிர்ப்பக்கத்தில், மறுமுனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும். தள்ளிய முனை நெடுந்தூரம் போகும். மறுமுனை சற்றே எதிர்த்திசையில் விலகும். படகும் இதே குணமுடையதுதான். முன்முனையைத் தள்ளினால் அது பின்பகுதியிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும். பின்முனையைத் தள்ளினால் முன்பகுதியிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும்.

அளவுகோலுக்கும் படகுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அளவுகோல் நீளம் முழுவதும் ஒரே சீரானது; படகு அப்படியன்று. படகின் பின்பகுதியில் அவுட்போர்டு எஞ்சின், எரிபொருள் தொட்டி, பேட்டரிகள் எல்லாம் குவிந்திருப்பதால் அது நீரில் ஆழமாக அமர்ந்திருக்கும். எஞ்சினின் கீழ்க்காலும் நீருக்குள் ஒரு செங்குத்துத் தகடுபோல நிற்கும். மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியோ உயர்ந்தும் இலேசாகவும் இருக்கும். ஆகவே படகைப் பக்கவாட்டில் தள்ளினால் நீர் காட்டும் எதிர்ப்பு பின்பகுதியில்தான் அதிகம். அந்த எதிர்ப்பு முழுவதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியைப் பக்கத்தடை மையம் என்று அழைப்போம். ஐந்து மீட்டர் படகு ஒன்றில் அது பின்முனையிலிருந்து இரண்டு மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அணியத்தின் நுனி அதிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில் இருக்கும். அதே உந்துவிசை பின்னாலிருந்து தரும் திருப்புத்திறனைவிட ஒன்றரை மடங்கு அணியத்திலிருந்து கிடைக்கும். கதவின் கைப்பிடி அணியத்தில் இருக்கிறது என்று இதைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"இழுப்பது எளிது" என்பது ஏன் தவறான காரணம்

கயிறு கட்டி இழுக்கப்படும் வண்டி நேராகப் பின்தொடர்கிறது. பின்னாலிருந்து கோலால் தள்ளப்படும் வண்டி இப்படியும் அப்படியும் விலகுகிறது. இந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் படகுக்கும் அதை அப்படியே பொருத்திப் பேசுகிறோம். ஆனால் கயிற்றில் இழுக்கும்போது உண்மையில் நடப்பது என்ன? வண்டி வலப்பக்கம் விலகினாலும் இழுப்பவர் முன்பு நின்ற திசையிலேயே நிற்கிறார். கயிறும் அவரை நோக்கியே இருக்கிறது. ஆகவே கயிறு வண்டியின் மூக்கை இடப்பக்கம் இழுத்துத் திருத்திவிடுகிறது. விசையின் திசை வண்டியோடு சேர்ந்து திரும்பாததுதான் இங்கே வேலை செய்கிறது.

அணியத்தில் பொருத்தி, நேராக முன்னோக்கிப் பூட்டிவைத்த மோட்டாரைக் கவனியுங்கள். படகு பத்து பாகை வலப்பக்கம் திரும்பினால் மோட்டாரும் அதனோடு பத்து பாகை திரும்பிவிடுகிறது. இழுக்கும் திசையும் மாறிவிட்டதால், படகைப் பழைய திசைக்குக் கொண்டுவர அங்கே எதுவும் இல்லை. பின்னால் பொருத்திய மோட்டாருக்கும் இதே நிலைதான். இரண்டு மோட்டார்களும் படகின் நடுக்கோட்டிலேயே, அந்தக் கோட்டின் திசையிலேயே விசை செலுத்துகின்றன. ஒரு விசை தான் செயல்படும் நேர்கோட்டின் எந்தப் புள்ளியில் செயல்பட்டாலும் உறுதியான பொருள் ஒன்றின் இயக்கத்தில் மாற்றம் வருவதில்லை. ஆக, நேராகப் பூட்டிய நிலையில் இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். விசிறியைச் சுற்றியுள்ள நீரோட்டத்தால் சிறு வேறுபாடுகள் வரும். அவை இடத்தைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல.

மோட்டாரைத் திருப்பத் தொடங்கியதும் கதை மாறுகிறது. அணிய மோட்டாரை வலப்பக்கம் திருப்பினால் அணியம் வலப்பக்கம் போகிறது. நாம் போக நினைத்த திசையில் முதலில் செல்வது படகின் தலை, உடல் அதன்பின் வருகிறது. பின் மோட்டாரைக் கொண்டு வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், முதலில் படகின் பின்பகுதியை இடப்பக்கம் ஒதுக்கித் தள்ள வேண்டும். அதன் விளைவாகவே அணியம் வலப்பக்கம் திரும்புகிறது. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்சக்கரங்களால் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அதன் வால் எதிர்ப்பக்கம் வீசும். இடப்பக்கத்தில் பாறையோ மரக்கட்டையோ இருந்தால், அதைவிட்டு விலகத் திருப்பிய படகே தன் பின்பகுதியால் அதை இடிக்கவும் கூடும். மாட்டை மூக்கணாங்கயிறு பிடித்து நடத்துவதற்கும், பின்னால் நின்று விரட்டி ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டிலும் மாடு போய்ச் சேரும். ஆனால் குறுகிய இடத்தில் அடி பிசகாமல் நடத்த வேண்டுமென்றால் கயிறு பிடிப்பவர்தான் வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அணியத்தில் வைப்பதால் மோட்டாரின் வலிமை கூடுவதில்லை. நேராகச் செல்லும்போது இரண்டு இடங்களும் சமம். திருப்பும்போதுதான் அணியம் முந்துகிறது. தலையை நேரடியாகப் பிடித்திருப்பதும், திரும்பும் புள்ளியிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதுமே அதற்குக் காரணம்.

காற்று எந்த முனையைப் பிடிக்கிறது

அமைதியான நீரில் இந்த வேறுபாடு அத்தனை பெரிதாகத் தெரியாது. மோட்டாரின் இடத்தை உண்மையாகச் சோதிப்பது காற்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை படகு முழுவதிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை: உயர்ந்து நிற்கும் அணியத்தில் காற்று மோதும் பரப்பு அதிகம், அதே இடத்தில் நீருக்குள் பிடிப்புக் குறைவு. ஆகவே காற்றடித்தால் முதலில் விலகுவது அணியமே. படகு தன் கனமான பின்பகுதியை ஊன்றிக்கொண்டு, தலையைக் காற்றோடு விட்டுவிடும்.

பின் மோட்டாரால் இதைச் சமாளிக்க முயன்றவர்களுக்கு என்ன நேரும் என்பது நன்றாகத் தெரியும். அணியம் விலகியதும் மோட்டாரைத் திருப்பி வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் படகு திரும்புவதோடு முன்னோக்கியும் ஓடிவிடும். காற்றுக்கு நேராக வந்ததும் நிறுத்தினால் நிற்காமல் மறுபக்கம் தாண்டிவிடும். அங்கே காற்று அணியத்தை மறுபக்கமாக இழுத்துச் செல்லும். இப்படி வளைந்து வளைந்து போவதில் கையும் பேட்டரியும் ஓய்ந்துவிடும். அணிய மோட்டாரோ காற்று பிடித்துத் தள்ளும் அதே முனையைப் பிடித்து நிறுத்துகிறது. "அணியத்தில் வைத்தால் பேட்டரி அதிக நேரம் நிற்கிறது" என்று சிலர் சொல்வது பொய்யன்று. ஆனால் அதற்குக் காரணம் இழுப்பது எளிது என்பதன்று, வீணான திருத்தங்கள் குறைகின்றன என்பதுதான்.

நங்கூரத்தை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நங்கூரக் கயிற்றை அணியத்தில்தான் கட்டுகிறோம். பின்னால் கட்டினால், தாழ்ந்திருக்கும் பின்பலகை அலையை எதிர்கொள்ளும்; நீர் உள்ளே புகும்; சிறு படகுகள் மூழ்கியும் போகலாம். இன்றைய ட்ரோலிங் மோட்டார்கள் பலவற்றில், ஜிபிஎஸ் உதவியால் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. அது கயிறில்லாத நங்கூரம்தான். நங்கூரத்துக்குப் பொருந்தும் விதி இதற்கும் பொருந்தும். பின்பலகையில் பொருத்திய மோட்டாரிலும் இந்த வசதியைத் தர முடியும், ஆனால் படகின் பின்பகுதியே காற்றையும் அலையையும் நோக்கி நிற்கும். அமைதியான ஏரியில் இது தொல்லையில்லை. அலையுள்ள நீரில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஒரு சுவையான திருப்பமும் உண்டு. திசைகாட்டியைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதியுள்ள அணிய மோட்டாரில், படகு எப்படித் திரும்பினாலும் மோட்டாரின் முகம் குறித்த திசையிலேயே நிற்கும். விசையின் திசை இப்போது படகோடு சேர்ந்து திரும்புவதில்லை. அதாவது, முதலில் நாம் தவறென்று ஒதுக்கிய கயிறு கட்டிய வண்டியின் உவமை, இந்த மோட்டாரைப் பொறுத்தவரை சரியாகிவிடுகிறது. கால்மிதியில் கால் வைத்து, தொலைவிலுள்ள ஒரு மரத்தைக் குறியாகக் கொண்டு மோட்டாரை ஓயாமல் அதை நோக்கியே திருப்பிக்கொண்டிருக்கும் மீனவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். இழுப்பதன் நன்மை மோட்டாரின் இடத்தில் மட்டும் இல்லை. அதன் முகத்தை யார், எதை நோக்கிப் பிடித்திருக்கிறார் என்பதிலும் இருக்கிறது.

பின்பலகையே போதுமான படகுகள்

பின்பலகை என்பது படகின் பின்முனையை மூடி நிற்கும் தட்டையான பலகை. அவுட்போர்டு எஞ்சினைத் தாங்குவதும் அதுதான். அங்கே பொருத்தும் மோட்டாரைத் திருகுப்பிடியால் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். துளை போட வேண்டியதில்லை. எடையும் விலையும் குறைவு. நான்கு மீட்டருக்கு உட்பட்ட படகு, ஒருவர் அல்லது இருவர், காற்று அதிகம் இல்லாத நீர்நிலை என்றால் இதற்கு மேல் செலவிடத் தேவையில்லை என்பதே என் கருத்து. ரப்பர்ப் படகுகளின் முன்பகுதி காற்றடைத்த குழாய். அங்கே அணிய மோட்டாருக்கான தாங்கியைத் திருகி இறுக்க உறுதியான இடம் பெரும்பாலும் இருக்காது, ஆகவே பின்பலகைதான் இயல்பான இடம். வாடகைப் படகுகளில் மீன் பிடிப்பவர்களுக்கும் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதே உதவும்.

பின் மோட்டாருக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, பின்னோக்கி ஓட்டும்போது விசிறி தள்ளும் நீர் பின்பலகையிலேயே மோதி, உந்துவிசையின் ஒரு பகுதியை வீணாக்கும். மற்றொன்று, விசிறியின் வடிவமே முன்னோக்கி ஓடுவதற்காக அமைந்தது. எதிர்த்திசையில் சுழலும்போது அது பலவீனமாகவே வேலை செய்யும். ஆனால் பின்னோக்கிச் செல்வதையே ஒரு முறையாகக் கையாள்பவர்களும் இருக்கிறார்கள். படகின் பின்பகுதியை முன்னால் விட்டு, காற்றுக்கு எதிராக மிக மெதுவாக நகர்ந்து மீன் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது பின் மோட்டார் படகை இழுக்கும் மோட்டாராக மாறிவிடுகிறது; அணியம் வால்போலப் பின்னால் வருகிறது; பிடிமானமும் நன்றாக இருக்கிறது. பின் மோட்டார்கள் சிலவற்றில் மேலுள்ள கைப்பிடித் தலையை எதிர்ப்பக்கம் திருப்பிப் பொருத்திக்கொள்ள முடியும். அப்போது விசிறி தன் வலுவான திசையிலேயே சுழன்று பின்பகுதியை இழுக்கும். அணியம் கூராக இல்லாமல் தட்டையாக உள்ள சிறு படகுகளில், அதே மோட்டாரை முன்பலகையில் மாட்டி அணிய மோட்டாராகவும் பயன்படுத்தலாம்.

தூண்டிலைப் பின்னால் விட்டு இழுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நரம்பு எனப்படும் தூண்டில் நூல் பின் மோட்டாரின் விசிறியில் சிக்கும் வாய்ப்பு அதிகம். அணியத்தில் நின்று முன்னோக்கித் தூண்டில் வீசுபவருக்கு அதே தொல்லை அணிய மோட்டாரால் வரும்.

நடுவிலும் பக்கத்திலும் எஞ்சினின் மேலும்

கயாக் படகுகளில் மோட்டாரை அடிப்பாகத்தின் நடுவே உள்ள துளை வழியாக இறக்கும் அமைப்பு உண்டு. கதவின் கீலை நினைத்தால் இதன் குறை உடனே விளங்கும்: திரும்பும் புள்ளிக்கு அருகிலேயே இருப்பதால் இந்த மோட்டாரால் படகை ஓட்ட முடியும், திருப்ப முடியாது, பின்னால் ஒரு சுக்கான் கட்டாயம் வேண்டும். ஒடுக்கமான கனூ படகுகளில், இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு சட்டத்தைப் பூட்டி, அமர்பவருக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் மாட்டுவார்கள். கைக்கு எட்டுவதே இந்த இடத்தின் நன்மை.

இன்னொரு வகை, அவுட்போர்டு எஞ்சினின் கீழ்க்காலில் விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டின்மேல் பொருத்தப்படுவது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எஞ்சினோடு சேர்ந்து இதுவும் திரும்பும். அணியத்துக்குச் செல்ல வழியில்லாத அறையுள்ள படகுகளுக்கு இது வசதியானது. திருப்புத்திறனைப் பொறுத்தவரை இது பின் மோட்டாரே.

மோட்டார் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி இருந்தால் படகு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தப் பயம் குறையும். மோட்டார் பக்கத்தடை மையத்திலிருந்து 2.5 மீட்டர் முன்னாலும், நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. விலகியும் இருப்பதாகக் கொண்டால், அதை ஏறத்தாழ 7 பாகை திருப்பிவைத்தாலே விசையின் கோடு அந்த மையத்தின் வழியாகச் சென்று திருப்புத்திறன் மறைந்துவிடும். அப்படிச் சாய்த்து வைப்பதால் முன்னோக்கிய உந்துவிசையில் ஏற்படும் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக வேண்டுமென்றே விலக்கி வைக்க வேண்டியதில்லை. கைப்பிடிக் கம்பி, நங்கூரம் செல்லும் உருளை போன்றவை தடுத்தால் ஒரு சாண் தள்ளி வைக்கத் தயங்க வேண்டாம் என்பதே பொருள்.

இந்தப் பகுதியின் சாரம்: இடம் எதுவானாலும், அது திரும்பும் புள்ளியிலிருந்து முன்பின்னாக எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே முக்கியம், இடவலமாகச் சற்று விலகுவது திருத்திக்கொள்ளக்கூடியது.

தண்டின் நீளம்

அணியத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அணியம் பின்பலகையைவிட உயரமானது; அலையில் மிக அதிகமாக ஏறி இறங்குவதும் அதுதான். பின்பலகைக்குப் போதுமான தண்டு அணியத்தில் போதாது. அணியம் மேலெழும்போது விசிறி நீர்மட்டத்துக்கு அருகே வந்தால், அது மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். நீருக்குப் பதில் நுரையைச் சுழற்றும். ஓசை கூடும், உந்துவிசை போய்விடும். இதைக் காற்றிழுப்பு எனலாம். கேவிட்டேஷன் என்ற பெயரால் பலரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். அது விசிறியின் பரப்பில் அழுத்தம் மிகக் குறைந்து நீரே ஆவிக்குமிழிகளாக மாறும் வேறொரு நிகழ்வு.

விசிறி மோட்டாரின் நடுப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பது நல்லது. அணியத்தின் மேல்தளத்திலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தை அளந்து, அதனோடு 50 முதல் 55 செ.மீ. கூட்டினால் தேவையான தண்டின் நீளம் தோராயமாகக் கிடைக்கும். அலையுள்ள நீரென்றால் இன்னும் 12 முதல் 15 செ.மீ. கூட்ட வேண்டும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளங்களுக்கு இடையே ஐயம் வந்தால் நீளமானதை வாங்குவதே நல்லது: நீளம் கூடிய தண்டைக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி மேலே ஏற்றிவைக்கலாம், குறைந்த தண்டை நீட்ட முடியாது.

எடையும் மின்கம்பியும்

அணியத்தில் மோட்டார் வைப்பதற்கு ஒரு விலை உண்டு. அது எடையிலும் மின்கம்பியிலும் வெளிப்படும். தாங்கியோடு சேர்த்து 30 கிலோவைத் தாண்டும் அணிய மோட்டார்கள் உண்டு. கதவின் கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது: நுனியில் வைத்த 30 கிலோ, நடுவில் வைத்த 30 கிலோவைவிட அணியத்தை அதிகமாக அமிழ்த்தும். பெரிய படகுகளில் இது பொருட்டன்று. சிறு படகுகளில், பேட்டரிகளைப் பின்பகுதியிலோ நடுவிலோ வைத்து ஈடுசெய்ய வேண்டும். ஈய அமில பேட்டரி ஒன்றே 20 முதல் 30 கிலோ இருக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதில் ஏறத்தாழ பாதிதான்.

பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால் என்றாகும்போது மின்கம்பி நீள்கிறது. 12 வோல்ட்டில் இயங்கும் 55 பவுண்டு மோட்டார் முழுவேகத்தில் சுமார் 50 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஐந்து மீட்டர் தொலைவென்றால், போக வர பத்து மீட்டர் செம்புக் கம்பி. அந்தக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 6 சதுர மி.மீ. என்றால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் இழக்கப்படும்; அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 12 சதவீதம் கம்பியைச் சூடாக்குவதற்கே போய்விடும். 16 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு 0.5 வோல்ட் அளவில் நின்றுவிடும். அணியத்தில் வைத்த மோட்டார் எதிர்பார்த்த வலுவைக் காட்டவில்லை என்றால் மோட்டாரைக் குறைசொல்லும் முன் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால் காரணம் அங்கேதான். மின்னோட்டம் அளவுமீறினால் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரைப் பேட்டரிக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும்; மோட்டாருக்கு அருகில் வைத்தால், இடையிலுள்ள நீண்ட கம்பி எங்காவது உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படும்போது அதைக் காக்க எதுவும் இருக்காது.

துளையிடுவதற்கு முன்

அணியத்தில் இடம் குறித்ததும் உடனே துளைபோடும் கருவியை எடுக்கக் கூடாது. தாங்கியை அந்த இடத்தில் வெறுமனே வைத்து, மோட்டாரை நீருக்குள் இறக்குவதையும், மேலே தூக்கிப் படுக்க வைப்பதையும் முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும். இறங்கும்போது அது அணியத்தின் விளிம்பில் உரசக் கூடாது. படுக்கும்போது கைப்பிடிக் கம்பியில் இடிக்கக் கூடாது. மோட்டார் முழுச்சுற்று திரும்பும்போது விசிறி படகின் உடலைத் தொடக் கூடாது. கால்மிதி வைப்பவர் தானே நின்று பார்த்து, கால் இயல்பாக விழும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீர்மட்டத்தை அளப்பது இழுவண்டியின்மேல் இருக்கும் படகில் அன்று. வழக்கமாக வரும் ஆட்கள், நிறைந்த எரிபொருள், பேட்டரிகள் எல்லாம் ஏறி மிதக்கும் படகில் அளக்க வேண்டும். பின்பகுதியில் சுமை ஏறும்போது அணியம் உயர்ந்துவிடும். காலிப் படகில் அளந்து வாங்கிய தண்டு அன்று போதாமல் போகும்.

பிறகு தளத்தின் அடியில் கை நுழையுமா என்று பார்க்க வேண்டும். மெல்லிய தளத்தில் வெறும் திருகாணிகள் நிற்கமாட்டா. தளத்தை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளும், அவற்றின் அடியில் இழுப்பைப் பரப்பிக் கொடுக்கும் அகலமான தகடும் வேண்டும். அலுமினியப் படகில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் பயன்படுத்தும்போது, இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொடாதபடி நைலான் வளையங்களை இடையில் இட வேண்டும்; உப்புநீரில் இந்தத் தொடர்பு அலுமினியத்தை அரித்துவிடும். ஃபைபர் படகின் தளத்துக்குள் மரமோ நுரையோ அடைத்திருந்தால், போல்ட்டை இறக்குவதற்கு முன்பே துளையின் உட்சுவர் முழுவதும் நீர்புகாப் பசையால் அடைபட்டிருக்க வேண்டும்.